என் பள்ளி அட்லஸில் நீங்கள் போட்ட பென்சில் கோடு

என் ஆசை அப்பா,

செவ்வாய்க்கிழமை லண்டன் ஆவணக் காப்பகத்தில் உங்கள் பெயரைப் படித்தேன். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் கொழும்பில் வெளிநாட்டு அமைச்சில் இருந்த காலத்துப் பிரிட்டிஷ் அரசுக் கோப்புகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, பெரிய பெருமையோடு போனேன். நல்லாய்க் கிடைத்தது பெருமை!

வெள்ளைக்காரர் ஆட்சியை விட்டுப்போன பிறகும் அவர்களுடைய போர்க்கப்பல்கள் நினைத்தபோது எங்கள் துறைமுகத்தில் வந்து நின்ற காலம் அது. இனி எந்த அந்நியக் கப்பலுக்கும் இடமில்லை என்று அறிவிக்க எங்கள் இளம் நாடு எண்ணியது. அதற்கு முன், எங்களைப்போல் புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் ஆதரவை இரகசியமாகக் கேட்டுவர உங்களை அனுப்பினார்கள். நீங்கள் போவதற்குள் யாரோ போய் அவர்களைப் பயமுறுத்தியிருந்தார்கள். வெறுங்கையோடு திரும்பினீர்கள். அறிவிப்பும் கிடப்பில் போனது.

பயணத் திட்டத்தை டைப் அடித்தவர் உங்கள் உயிர் நண்பர் சிவபாலன் மாமா. அவர்தான் காட்டிக்கொடுத்தார் என்றீர்கள். அவருடைய வேலை போனது. பிறகு இருவரும் லண்டனுக்கே வந்து சேர்ந்தும், ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறி நடப்பீர்கள். நீங்கள் சாகும்வரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லையே, அப்பா.

கொழும்பு வீட்டுக்குச் சனிக்கிழமைகளில் உங்களிடம் தமிழ் படிக்க ஒரு பிரிட்டிஷ் தூதரக வெள்ளைக்காரர் வருவாரே, நினைவிருக்கிறதா? கோப்பில் அவருடைய அறிக்கை இருக்கிறது. நீங்கள் குளிக்கப் போயிருந்தபோது உங்கள் எட்டு வயது மகளிடம் தமிழ் பேசிப் பழகினாராம். அப்பா எங்கே போகிறார் என்று கேட்டாராம். அவள் அட்லஸை விரித்து, உங்கள் பயணவழியைக் காட்ட நீங்கள் அவளுக்குப் போட்டுக்கொடுத்த பென்சில் கோட்டில் ஒவ்வொரு நகரமாக விரல் வைத்துக் காட்டினாளாம்.

நான்தான், அப்பா. அந்த ஆளின் உச்சரிப்பைத் திருத்திய பெருமையில் மிதந்த வாயாடி. ஒரு குழந்தையிடமா வேவு பார்ப்பார்கள்? எங்கள் வீட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டா?

நேற்று லண்டன் வால்தம்ஸ்டோவில் இருக்கும் சிவபாலன் மாமாவிடம் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“எனக்குத் தெரியும், பிள்ளை. அண்டைக்கு டைப் அடிச்ச பேப்பரோட உங்கட வீட்டை வந்தனான். நீ அந்த வெள்ளைக்காரனுக்கு அட்லஸைக் காட்டிக்கொண்டு நிண்டதைக் கண்டனான். அப்ப விளங்கேல்லை. என்னிலை பழி விழுந்தாப்பிறகுதான் விளங்கிச்சு.”

“அப்ப ஏன் மாமா அப்பாட்டைச் சொல்லேல்லை?”

“சொன்னா உன்ரை அப்பா உன்னைப் பாக்கிற பார்வை மாறியிருக்கும். எனக்கு வேற வேலை கிடைச்சுது தானே.”

சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்து போய்விட்டார். இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா, அப்பா?

அடுத்த மாதம் உங்கள் திவசம். மாமாவை இன்றும் காட்டிக்கொடுத்தவர் என்று பேசுகிற சொந்தங்கள் எல்லாரும் வருவார்கள். அவர்கள் முன்னால் இந்தக் கடிதத்தை நானே வாசிப்பேன். இந்த முறை மாமாவையும் அழைத்து, அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் உங்களுக்குப் படைப்பேன். அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டும்.

உங்கள் மூத்த மகள்,
வசந்தி