வெற்றிடத்தில் போட்ட பொய்க் காற்று

இந்த ஒருமுறையாவது குறுக்கே பேசாமல் கேட்கப்போகும் என் அன்பருக்கு,

நீங்கள் போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. காஜா பேராங் தெருவில் நம் வீட்டின் இரும்புக் கதவு இப்போது பகலிலும் பூட்டியே கிடக்கிறது. சாவி நம் மகள் மேகலாவின் சட்டைப்பையில். பசாருக்குக் காய் வாங்கப் போகும் வழியில் ஒருமுறை விழுந்தேன்; அதற்கு இந்தத் தண்டனை.

காவலாளியான அவளும் உள்ளேதான் அடைந்திருக்கிறாள். "அம்மாவைத் தனியா விட்டுறாதே" என்று கடைசி நாளில் அவளிடம் வாக்கு வாங்கினீர்களே, அதற்காக வெளிநாட்டு ஆய்வுக்கூடம் தரும் வேலையை மறுக்கப்போகிறாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். என்னை யாராவது கேட்டீர்களா?

இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி ஒன்றாவதைக் கணினியில் நடத்திப் பார்ப்பது அவள் வேலை. மோதலில் சிதறும் பொருள் சுற்றிலும் மூடிக்கொள்ளும். நடுவிலிருந்து பீறிடும் தாரை அதைத் துளைத்து வெளியேறினால் காமாக் கதிர் வெடிப்பு பிறக்கும். இல்லையேல் உள்ளேயே அடங்கிவிடும். மாதக்கணக்கில் அவளுடைய தாரைகள் எல்லாமே அடங்கின.

நேற்றுக் காலை சிரித்துக்கொண்டே வந்தாள்.

"தப்பு எங்கன்னு தெரிஞ்சிருச்சும்மா. நட்சத்திரத்துல இல்ல லா, சுத்தியிருக்கிற வெறும் இடத்துல."

"வெறும் இடத்துல என்னடி தப்பு?"

"சுத்தமா ஒண்ணுமே இல்லன்னா கணக்கு உடைஞ்சிரும். அதனால மெல்லிசா ஒரு பொய்க் காத்து போட்டு வைப்போம். முதல் சோதனைக்குக் கெட்டியாப் போட்டேன், குறைக்க மறந்துட்டேன். அதுதான் தாரைய அமுக்கியிருக்கு."

"இப்பக் குறைச்சியா?"

"குறைச்சேன். வெளிய வந்துருச்சு."

கேட்டீர்களா? நீங்கள் விட்டுச்செல்லும் வெறுமையில் நான் உடைந்துபோவேன் என்று அஞ்சி, அதில் உங்கள் சொல்லைப் போட்டு நிரப்பினீர்கள். எண்ணம் நல்லதுதான். அளவுதான் தெரியவில்லை.

நாடு விடுதலை பெற்ற மெர்டேக்கா ஆண்டில் எனக்குப் பத்து வயது. விடுதலை என்றால் என்ன என்று என் அப்பாவைக் கேட்டேன். "நம்ம வீட்டுக் கதவ நாமளே தொறக்கறது" என்றார். இயற்பியல் பட்டம் வாங்கிய பிறகும் அதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

எனவே சாவியைக் கேட்டேன்.

"அப்பாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேனேம்மா."

"அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். குடு."

இதோ, இந்தக் கடிதத்தில் பேசிவிட்டேன். சாவி என் கையில். அவளோ இன்னும் பதில் எழுதாமல் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமைக்குள் எழுதவைப்பேன். மறுபடி விழுந்தால், தமிழ் மறந்துபோன பக்கத்து வீட்டுச் செட்டிக் கிழவி மலாயில் திட்டிக்கொண்டே தூக்கிவிடுவாள். நீங்கள் வாங்கிய வாக்கை மேகலாவிடம் நானே திருப்பிக் கொடுக்கிறேன். இது என் வாக்கு.

மேகலாவின் அம்மா, உங்கள் மனைவி,
புனிதவதி