ஷூவை வளைத்துப் பார்த்ததில் வந்த உலகப் போர்

ஞாயிறு. ஆம்பூர்.

இன்று கவிதாவின் அப்பா எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். அவர் சரி என்றால்தான் எங்கள் கல்யாணம். வாசலில் அவர் கழற்றிவிட்ட ஷூவை அப்பா கையில் எடுத்து, தோலைக் கட்டைவிரலால் வளைத்துப் பார்த்தார். தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் புத்தி போகவே போகாது.

"அமெரிக்காக்காரன் கழிச்ச தோலா சார்? சுருக்கம் ஜாஸ்தியா இருக்கே."

அவருக்கு முகம் மாறிவிட்டது. அந்தக் காலத்தில் அவர் கம்பெனி அமெரிக்காவுக்கு ஷூ அனுப்பியது. அப்பாவின் கம்பெனி சோவியத்துக்கு.

"நீங்க ரஷ்யாவுக்கு அனுப்பினது பூட்ஸா, படகா?"

"அவன் பனியில நடக்கிறவன் சார். உங்க ஆளு மாதிரி கார்ல குந்திக்கினு போறவன் இல்ல."

"நடந்து இன்னா பண்ணான்? நிலாவுல கால் வெச்சது யாரு?"

"விண்வெளிக்கு மொதல்ல போனது யாரு?"

காப்பி ஆறியது. கல்யாணமும் ஆறிவிடும் போலிருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சோவியத்தே இப்ப இல்லப்பா. அமெரிக்காவுக்கு ஷூ வியட்நாம்ல இருந்து போவுது. யாருக்காக இந்தச் சண்டை?"

இருவரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள்.

"பையன் எப்பவும் இப்டித்தானா சார்?"

"படிச்ச திமிரு சார். தெனமும் இதே பேஜாருதான்."

"பாவம் சார் நீங்க."

என்னைத் திட்டித் திட்டியே நெருங்கிவிட்டார்கள். கிளம்பும்போது அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்காகத்தான் பொண்ணு தர்றேன் சம்பந்தி. இவனை ரெண்டு பேருமா சேர்ந்து திருத்திடலாம்."

'அப்பாகிட்ட இன்னா பேசி மயக்கினே?' என்று கவிதா மெசேஜ் அனுப்பியிருந்தாள். ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தேன், அதுக்கும் திட்டுதான் கிடைத்தது என்று பதில் போட்டேன். அவள் நம்பவில்லை.