சாலமோனுக்குக் கோபம் வருகிற வயது

ஜூன் 14, சனி

சாலமோன் இன்று என்னைக் கடித்துவிட்டான். ஆள்காட்டி விரலில், ஆழமாக. பாட்டுக் கேட்டால் தோளில் ஏறி உட்கார்ந்து பட்டாணி தின்கிற என் எலி! ஒரு வாரமாகவே சரியில்லை. முடி சிலிர்த்து இரண்டு மடங்காகத் தெரிகிறான். நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து வருகிறான், புஸ்புஸ்ஸென்று மூச்சு விடுகிறான். போகிற இடமெல்லாம் மூத்திரச் சொட்டு, என் கணக்கு நோட்டிலும். தேடிப் படித்தேன். ஏழு மாத வயதில் சில ஆண் எலிகளுக்கு ஹார்மோன் ஏறி இப்படி ஆகுமாம்.

வீட்டு வேலைக்கு வரும் கிளியம்மாள் அக்காவுக்குப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. "இன்னா பாப்பா, இதுக்கும் ஒரு பொண்ண பாத்துக் கட்டி வச்சிடு. தானா அடங்கிடும்."

இதுக்கும் — ஏனென்றால் என் அண்ணன் மெர்வினுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் அண்ணன் கூண்டுக்குள் விரலை விட்டான். விடாதே என்று நான்கு முறை சொன்னேன். இருபத்தேழு வயது, பி.இ. கடி வாங்கினான், கூண்டை எட்டி உதைத்தான். சாலமோன் மூலையில் ஒடுங்கி நடுங்கினான். அம்மா ஓடி வந்து திட்டியது என்னை.

"அவன் கை வைக்கிற இடத்துல ஏன்டி கூண்டை வச்ச, ஜெரூஷா?"

கூண்டு இருந்தது என் அறையில். என் மேசைக்குப் பக்கத்தில்.

வியாழக்கிழமை மீன் குழம்பில் உப்பில்லை என்று அவன் தட்டைச் சுவரில் அடித்தபோது அம்மாதான் துடைத்தாள். "ஆம்பளப் பிள்ளை, கோவம் வரத்தான் செய்யும். கல்யாணமானா சரியாயிடும்." ஆக, எங்கள் வீட்டு மருத்துவமும் கிளியம்மாள் அக்காவின் மருத்துவமும் ஒன்றுதான். அக்காவாவது சிரித்துக்கொண்டே சொன்னார்.

அப்பாவின் தீர்ப்பு: ஜூலை 20 அன்று பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் எலி அடங்கவில்லையென்றால் ஏரிக்கரையில் விட்டுவிடுவார். கூண்டிலேயே பிறந்தவன். சிட்லபாக்கத்துக் காகங்களிடம் பத்து நிமிடம் தாங்க மாட்டான்.

ஜூன் 18, புதன்

ஆபரேஷன் செய்தால் கோபம் அடங்கும் என்று படித்தேன். முதலில் போய்க் கேட்ட டாக்டர் சிரித்தார். "எலிக்கு ஆபரேஷனா? எங்க வீட்டுல சுத்துறதுக்கு மருந்து வைக்கவே நேரமில்லம்மா." சுவரில் மூன்று சான்றிதழ்கள் வேறு.

ஜூன் 21, சனி

மேடவாக்கத்தில் முயல், எலி எல்லாம் பார்க்கிற டாக்டர் சத்யபிரியாவிடம் அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். விதையை எடுத்துவிடலாம் என்றார். ஆனால் ஏறிய ஹார்மோன் இறங்க மூன்று நான்கு வாரம் ஆகும், அதுவரை கடிப்பான்.

அப்பா தொண்டையைச் செருமினார். "ஜோடி சேத்துவிட்டா சரியாயிடாதா டாக்டர்?"

அப்பாவுமா!

"குட்டி வரும் சார். கோவம் போகாது. அந்தப் பொண்ணு எலி என்ன பாவம் பண்ணுச்சு?"

அப்பா கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று ஆபரேஷன். பிழைத்துக்கொண்டான்.

ஜூலை 6, ஞாயிறு

இன்னும் கடிக்கிறான். பதினான்கு நாள்தான் இருக்கிறது. அண்ணன் இன்று டிவி ரிமோட்டை உடைத்தான். "ஆபீஸ் டென்ஷன்" என்றாள் அம்மா. சாலமோனுக்கு ஆபீஸ் இல்லை. அதனால் அவனுக்கு ஏரி.

ஜூலை 17, வியாழன்

கையை நீட்டினேன். முகர்ந்தான். நக்கினான். அழுதுவிட்டேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

பீர்க்கன்கரணையிலிருந்து வந்தார்கள். கல்யாணப் பெண் எழில் அக்காவும் வந்துவிட்டார். "பொண்ணு வர்றது வழக்கமில்லையே" என்று அம்மா சமையலறையில் முணுமுணுத்தாள். அக்கா என் அறைக்கு வந்து சாலமோனைக் கையில் வாங்கிக்கொண்டார். கடிக்கவில்லை! என் விரல் தழும்பைப் பற்றிக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் அப்பாவிடம் கேட்ட கேள்விக்கு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கூடத்தில் அண்ணன் பேசுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணன் எப்படி? கோவப்படுவாரா?"

எதையும் உளறாதே என்று அம்மா காலையிலேயே சொல்லியிருந்தாள். நான் உளறவில்லை. தெளிவாகச் சொன்னேன், தேதியோடு.

ஜூலை 23, புதன்

வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெண்ணுக்கு விருப்பமில்லையாம். அண்ணன் என் கதவை உதைத்தான். இன்றைக்கு என்னையும் எலியையும் ரோட்டில் தூக்கிப் போடப் போகிறான் என்றே நினைத்தேன் — அப்பா வந்து நடுவில் நின்றார். இதுவரை நின்றதில்லை. அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஜூலை 29, செவ்வாய்

அம்மா அறைக்கு வந்தாள். ரொம்ப நேரம் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாலமோன் வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்கினான்.

"மனுஷங்களுக்கு... இந்தக் கோவத்துக்கெல்லாம் பாக்குற டாக்டர் இருக்காங்களாடி?"

"இருக்காங்கம்மா. வெட்ட மாட்டாங்க. பேசத்தான் வைப்பாங்க."

அம்மா சிரிக்கவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் ஒருவர் இருக்கிறார். தேடி எண்ணைச் சொன்னேன். ஜெபப் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதிக்கொண்டாள், பெயர் போடாமல்.