அண்ணா நகர் செல்வம்

ஆடி 12, செவ்வாய்

ஏரியில கையால தடவி எறா பிடிக்கும்போது கன்னியப்பன் பழைய ரேடியோ பேச்சை எடுத்தான். அந்த மெட்ராஸ் ஸ்டேஷனை மூடி எத்தனையோ வருஷமாச்சு. கிடாரும் சிந்தசைசருமா, எந்த சினிமாவுலயும் வராத புதுமாதிரி இங்கிலீஷ் பாட்டா போடுவாங்க. ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் சாயங்காலம் ஆனா ரெண்டு பேரும் ரேடியோவைக் கட்டிக்கினு கிடப்போம்.

எறா போடுற பறிக் கூடையோட கயிறைப் பல்லுலேருந்து எடுத்துட்டுக் கேட்டான். "நம்ம ரெண்டு பேர் பேரையும் போட்டு ஸ்டேஷனுக்கு எத்தினி கார்டு எழுதின? ஒரு தபாகூட நம்ம ஊரு தோணிரேவுன்னு சொல்லலையேடா. அண்ணா நகர் செல்வம் எழுதினா மட்டும் உடனே படிச்சிடுவாங்க. அவனுக்கும் உன் பேருதான்."

அந்த அண்ணா நகர் செல்வம் நான்தான். கன்னியப்பனுக்கு எழுதத் தெரியாது. என்னை நம்பித்தான் கார்டு வாங்கியாந்து கொடுப்பான். நான் அவன் பேரையும் எழுதல, ஊர் பேரையும் எழுதல. கையால எறா பிடிக்கிறவங்க இந்தப் பாட்டெல்லாம் கேக்குறாங்கன்னா சிரிப்பாங்கன்னு தோணுச்சு.

என் கை ரெண்டும் தண்ணிக்குள்ள இருந்துச்சு, பறிக் கயிறு பல்லுல இருந்துச்சு. அவனை மாதிரி நானும் எடுத்துட்டுப் பேசியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினேன்.

கரையேறி பறியை இறக்கினதும், "இன்னாடா, ஒண்ணுமே சொல்லல?"ன்னான்.

"அவங்களுக்கு நம்மள மாதிரி ஆளுங்கன்னா எளக்காரம்டா"ன்னு சொன்னேன்.