கொடிக்கு ஒரு குழி

லொர்ரேன், மார்ட்டினிக்
ஈஸ்டர் முடிந்த இரண்டாம் செவ்வாய்

அன்புத் தங்கச்சி க்ளோத்தில்டுக்கு,

அக்கா யூஃப்ராசி ஆசியோடு எழுதுவது. நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரர் க்ளீட்டஸும், வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும் நம் மகள் ஷெர்மெலும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு வாய் வழியாக வந்தால் கைகால் முளைத்து வரும். ஈஸ்டருக்கு உன் வீட்டில் தின்று கொழுத்துவிட்டுக் கப்பல் ஏறினேனே, இந்தக் கரையில் இறங்கியதும் என்னைச் சுங்கத்தில் பிடித்துவிட்டார்கள். கடத்தல்காரி என்று! கஞ்சா இல்லை, ரம் இல்லை. நீ கொடுத்த வள்ளிக்கிழங்கு. என் இரவு உடைக்குள் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். சுங்கத்துப் பெண் ஷெர்மெல் வயதுதான் இருப்பாள். கையுறை மாட்டிக்கொண்டு, ஊரே வரிசையில் நிற்க, என் ரோஜாப்பூ போட்ட இரவு உடையை உயர்த்திப் பிடித்து உதறினாள். அதிலிருந்து மயிர் முளைத்த கிழங்கு ஒன்று கொழுத்த குழந்தை மாதிரி மேஜையில் விழுந்தது. பின்னால் நின்ற ஒருவர், "ஆணா பொண்ணா?" என்று கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்மா, நம்ம ஊர்ல கிழங்கே இல்லையா?" என்று கேட்டாள்.

தங்கச்சி, அந்தக் கேள்விக்குப் பிறகு வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. கைதட்டியவர்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். கேட்ட பெண்ணுக்கே முகம் மாறிவிட்டது. கிழங்கை எல்லாம் நீலத் தொட்டியில் போட்டுவிட்டு, பெட்டியை மூடித் தரும்போது குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "எங்கம்மாவும் அந்தப் பக்கத்துக் கிழங்குதான் சாப்பிடறாங்க. அடுத்த வாட்டி வேக வச்சுக் கொண்டாங்க. வேகாததுதான் செடி. வெந்துட்டா அது சாப்பாடு."

போன வருஷம் நான் உன் ஊருக்குச் சீமைப்பலாக் கன்றோடு வந்தது நினைவிருக்கிறதா? சமையல் கொழுப்பு வந்த பழைய வாளியில் கன்றை வைத்து, வாளியை மடியில் வைத்து, கடல் முழுக்க வாந்தியெடுத்துக்கொண்டு வந்தேனே. உங்கள் காஸ்ட்ரீஸ் துறைமுகத்தில் சுங்க அதிகாரி நாற்காலியை விட்டு எழவே இல்லை. "பலாவா? காய்ச்சா எனக்கு ரெண்டு" என்று கையை ஆட்டினார். அவ்வளவுதான் சோதனை. இரண்டு ஊரும் எப்படி என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு துறைமுகத்தையும்தான் சொல்வேன். இங்கே எல்லாவற்றுக்கும் கையுறை உண்டு. அங்கே ஒன்றுக்கும் கிடையாது.

வருஷக்கணக்காக என் கடிதங்களில் நான் அளந்த பெருமையெல்லாம் உனக்கு மனப்பாடம். சாலை கண்ணாடி மாதிரி, தண்ணீர் நிற்காது, பிள்ளை பெற்றாலும் பணம், பெறாவிட்டாலும் பணம், ஆம்புலன்ஸ் நீ கத்தி முடிப்பதற்குள் வாசலில் நிற்கும் என்றெல்லாம். பொய் இல்லை. ஆனால் நாம் இரண்டு பேரும் பேசுவது ஒரே கிரியோல். சமைப்பது ஒரே குழம்பு. நம் பாட்டன்களை விற்றதும் வாங்கியதும் ஒரே பிரெஞ்சுக்காரன். பிறகு உங்களை இங்கிலீஷ்காரனிடம் விட்டான், எங்களை வைத்துக்கொண்டான். இன்று உங்களுக்குக் கோபம் வந்தால் மந்திரி வீட்டு வாசலில் நின்று திட்டிவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீடு வந்துவிடலாம். நாங்கள் திட்ட வேண்டுமானால் பாரிஸுக்கு விமானம் ஏற வேண்டும். தயிர்கூட அங்கிருந்துதான் வருகிறது. விலையைப் பார்த்தால் முதல் வகுப்பில் உட்கார்ந்து வந்திருக்கும்.

இங்கே வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷம் ஆகியும் கறிக்கடைக்காரன் என்னைப் பார்த்ததும், "இங்கிலீஷ்காரி வந்துட்டா! ராணி சௌக்கியமா?" என்கிறான். "ராணி போய்ச் சேர்ந்தாச்சுய்யா, இப்ப ராஜா. உனக்குத்தான் ரெண்டுமே இல்லியே" என்று நானும் விடுவதில்லை. உன் ஊர் சுவாசேலுக்கு வந்தால் உன் தெருப் பிள்ளைகள் "பிரெஞ்சு மேடம்" என்று பின்னால் ஓடிவருகின்றன. நடுக்கடலில் மட்டும்தான் எனக்குப் பெயர் இல்லை. அதனால்தான் வாந்தி வருகிறதோ என்னவோ.

அத்தான் அன்செல்மைக் கேட்டிருந்தாய். நன்றாக இருக்கிறார். கொஞ்சம் இளைத்திருக்கிறார். அவருடைய கால்சட்டைகளை நான்தான் பிடித்துத் தைக்கிறேன், தைத்ததையே மறுபடி பிடிக்கிறேன். செவ்வாய்தோறும் ஃபோர்-த-ஃபிரான்ஸ் பட்டணத்துக்கு ஒரு சின்ன வேலையாகப் போய்வருகிறார். இன்றும் போயிருக்கிறார். அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது. திடீரென்று எனக்கு வண்டி ஓட்டக் கற்றுத் தருகிறார்! இத்தனை நாள் பக்கத்தில் உட்காரவே லாயக்கில்லை என்றவர். கோயில் சுவரை இடித்தேன். பாதிரியார் ஓடிவந்து சிலுவை போட்டார், எனக்கா சுவருக்கா என்று தெரியவில்லை. அத்தான் ஒரு வார்த்தை வையவில்லை. "சரி, இன்னொரு தடவை. நீ தனியாப் போக வேண்டியிருக்கும்ல" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் எங்கே அடைப்பது, காஸ் எப்படி மாற்றுவது, எல்லாம் பாடம் நடக்கிறது.

அவருடைய ஞாயிற்றுக்கிழமை டொமினோ மேஜை உனக்குத் தெரியும். நண்பர்கள் எங்கள் கொல்லை மாமரத்தடியில்தான் உட்கார்ந்து சத்தம் போடுவார்கள். எல்லோரும் ஒரே வாழைத் தோட்டத்தில் இளவயதில் வேலை பார்த்தவர்கள். முதலில் எலுவா போனார். ஆண்களுக்கு வருகிற அந்த வியாதி. பிறகு சொஸ்தேன், அதே வியாதி. ஆள் குறைந்தால் ஆட்டம் நின்றுவிடும் என்று எலுவாவின் பெண்டாட்டி ரொசல்பா வந்து உட்கார்ந்தாள். பிறகு சொஸ்தேன் பெண்டாட்டியும். இப்போது அந்த மேஜையில் அத்தான் ஒருவர்தான் ஆண். ரொசல்பா டொமினோக் கட்டையை ஓங்கி அடித்து, "என் புருஷனை விட நான்தான் நல்லா ஆடறேன், ஒத்துக்கோ அன்செல்ம்" என்கிறாள். "நீ ஆடறது இருக்கட்டும், உன் பக்கத்து நாற்காலி யாருக்குன்னு சொல்லு" என்கிறார் அவர். சிரிக்கிறார்கள். நான் அந்தக் காலி நாற்காலியைத் துடைத்து உள்ளே எடுத்துப் போய்விடுவேன். எனக்கு டொமினோ பிடிக்காது.

அந்தத் தோட்டத்தில் வாழைக்கு வண்டு வராமல் இருக்க ஒரு வெள்ளை மாவு போடுவார்களாம். தகர டப்பாவில் எடுத்து, வெறுங்கையால் ஒவ்வொரு மரத்தின் அடியிலும் ஒரு கை. மத்தியானம் அந்தக் கையாலேயே சோறு. "கேக் மேல சர்க்கரை தூவற மாதிரி இருக்கும்" என்று அத்தான் சொல்வார். பாரிஸில் அதைத் தடை செய்த பிறகும் இங்கே இன்னும் கொஞ்ச காலம் தூவ விட்டார்களாம். நாங்கள் தூரத்துப் பிள்ளைகள் அல்லவா.

எங்கள் வீடு இருக்கும் இடமும் ஒரு காலத்தில் வாழைதான். போன மழைக்காலத்தில் மண் பரிசோதிக்க ஒரு தம்பி வந்தார். காசு வாங்குவதில்லை, மரியாதையான பிள்ளை. நீளமான திருகாணி மாதிரி ஒன்றைக் கொல்லையில் இங்கும் அங்கும் இறக்கி மண் எடுத்தார். மாமரத்தடிக்குப் போனபோது, "அங்க மட்டும் வேணாம் தம்பி" என்றேன். ஏன் என்றார். "என் மகன் தொப்புள்கொடி அங்கதான் இருக்கு." அவர் திருகாணியை அப்படியே நிறுத்திவிட்டார். "என்னோடதும் இப்படித்தான் ஒரு கொல்லையில இருக்கு, அத்தை. அந்தக் கொல்லையையும் நான்தான் பரிசோதிச்சேன்" என்றார்.

பிறகு அவரே திரும்ப வந்து முடிவைச் சொன்னார். அந்த வெள்ளை மாவு இன்னும் மண்ணை விட்டுப் போகவில்லையாம். மரத்தில் மேலே காய்ப்பதைத் தின்னலாம். மண்ணுக்குள் விளைவதைத் தொடக் கூடாது. மண்ணைக் கிளறுகிற கோழியின் முட்டையும் ஆகாது. "எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டேன். "உங்க பேரனோட பேரன் வந்து கேட்டாலும் நான் இதைத்தான் சொல்லணும்" என்றார். நான் பேரன் இன்னும் வரவில்லையே என்று வேடிக்கையாகச் சொன்னேன். பிரான்ஸில், லியோனில் இருக்கும் என் மகன் மத்தியாஸுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று உனக்குத் தெரியும். எதையும் எதனோடும் முடிச்சுப் போடக் கூடாது என்கிறார் டாக்டர். நான் போடவில்லை. கோழிகளை மட்டும் ரொசல்பாவிடம் கொடுத்தேன். அவள், "என் கொல்லை மட்டும் சொர்க்கமா?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு வம்பளந்ததே இதைத் தள்ளிப்போடத்தான்.

ஷெர்மெலை இங்கே அனுப்புகிறேன், உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பெறட்டும் என்று எழுதியிருந்தாய். அவளுடைய முதல் பிள்ளை போன விதம் எனக்கு மறக்கவில்லை. மலைச்சாலையில் வண்டிக்குக் காத்திருந்து காத்திருந்து... அதனால் வராதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வரட்டும். டாக்டர்கள் கெட்டிக்காரர்கள். பிள்ளையைப் பத்திரமாகக் கையில் கொடுப்பார்கள். கிழங்கு மட்டும் உன் ஊரிலிருந்து அவித்துக் கொண்டு வரட்டும். இங்கே அந்த மாவு கலந்த ஆற்று மீனைத் தொடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் இன்னொன்றும் எழுதியிருந்தாய். "கொடி விழுந்ததும் உன் கொல்லையிலேயே புதைச்சிடு அக்கா. கொடி இருக்கற மண்ணுதான் ஆளை இழுக்கும். பிள்ளைக்குப் பிரெஞ்சு மண்ணுல ஒரு கால் இருக்கட்டும்" என்று. உனக்கு இந்த யோசனையைக் கொடுத்ததே என் பழைய கடிதங்கள்தான். அதனால் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அது மட்டும் வேண்டாம். இந்த மண் இழுப்பது உண்மை. மாமரத்தடி நாற்காலிகளைக் கேட்டால் சொல்லும்.

கொடி விழும்வரை ஷெர்மெல் என்னோடு இருக்கட்டும். விழுந்ததும் பஞ்சில் சுற்றி, கைக்குட்டையில் முடிந்து, நானே அவளோடு கப்பல் ஏறி வருகிறேன். சுங்கத்துப் பெண் கேட்டால் இதுவும் வெந்ததுதான் என்று சொல்லிக்கொள்கிறேன். அங்கே நம் அப்பா நிலத்துச் சரிவில், நான் கொண்டுவந்த அந்தச் சீமைப்பலாக் கன்றுக்குப் பக்கத்தில், க்ளீட்டஸை ஒரு சின்னக் குழி வெட்டி வைக்கச் சொல். அது என்னமாய் வளர்கிறது, பேய் பிடித்த மாதிரி வளர்கிறது என்று எழுதியிருந்தாயே. பிள்ளையும் அப்படி வளரட்டும். ஏழையாக வளர்ந்தால் என்ன, மந்திரியைத் திட்டிக்கொண்டு வளரட்டும். கிழங்கைத் தோண்டி, மண்ணைக் கையால் துடைத்து, பயமில்லாமல் தின்று வளரட்டும்.

ஷெர்மெலின் வயிற்றில் கை வைத்து, பெரியம்மா ஆசீர்வாதம் சொன்னாள் என்று சொல். அத்தானுக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. காரணம் கேட்காதே. மாதா உங்கள் வீட்டையும், வீட்டின் கீழே இருக்கும் நிலத்தையும் காக்கட்டும்.

உன் அக்கா,
யூஃப்ராசி

உறையை ஒட்டப் போனவள் மறுபடி பிரித்து எழுதுகிறேன். க்ளீட்டஸ் குழி வெட்ட வேண்டாம், கொஞ்சம் பொறுக்கச் சொல். அந்தக் கன்றை வாளியில் வைத்தது, மண் பரிசோதிக்கும் தம்பி வருவதற்கு முன்னால். வேர் வாடாமல் இருக்க வாளி நிறைய நல்ல கறுப்பு மண்ணாக அள்ளிப் போட்டேன். எங்கள் மாமரத்தடியிலிருந்து.