ஏற்றத்தில் இழுக்காத வேன்

டிசம்பர் 2, திங்கள்

காலையில் கண்ணாடி முழுக்கப் பனி. வழக்கம்போல என் வீட்டுக்காரர் ஐந்து மணிக்கே கைத்தடியோடு வாசலுக்குப் போய்த் துடைத்து வைத்திருந்தார். பக்கவாதம் வந்த இரண்டு வருடத்தில் அவர் விடாத ஒரே வேலை அதுதான்.

டயாலிசிஸ் நோயாளிகள் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மேட்டு ஆஸ்பத்திரி ஏற்றத்தில் வேன் இழுக்கவே இல்லை. ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் முக்கிக்கொண்டே போகிறது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனிலேயே என் குலத்தை விசாரித்தான். டயாலிசிஸுக்கு எட்டு நிமிடம் தாமதம். ஐந்து பேரில் ஒருவரான தையல்காரம்மா, "பரவாயில்லம்மா, வண்டிக்கும் குளிரும்ல" என்றார்.

வீட்டில் அவர், "என்ன ஆச்சு?" என்றார். ஒண்ணுமில்ல என்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருபத்திரண்டு வருடம் தான் ஓட்டிய கதையை முதல் கிலோமீட்டரிலிருந்து ஆரம்பிப்பார்.

டிசம்பர் 3, செவ்வாய்

மெக்கானிக்கிடம் போனேன். அவருக்கு நான் வைத்த பெயர் 'ஒண்ணுமில்லக்கா'. பானெட்டைத் திறக்கும் முன்பே அதைச் சொல்லிவிடுவார். இன்று அதிசயமாக ஒன்று இருந்தது. டீசல் ஃபில்டரைக் கழற்றிக் கிண்ணத்தில் கவிழ்த்தார், அடியில் தண்ணீர்.

"குளிருக்கு டேங்குக்குள்ள வேர்த்துத் தண்ணி இறங்குதுக்கா. ஃபில்டர மாத்திட்டா சரியாப் போகும்."

மாற்றினார். வீட்டில் சாப்பிடும்போது அவரிடம், "டீசல்ல தண்ணி இறங்கியிருக்கு" என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

டிசம்பர் 4, புதன்

ஜம்மென்று ஏறியது. நிம்மதி.

டிசம்பர் 9, திங்கள்

நிம்மதி ஐந்து நாள்கூட நிற்கவில்லை.

இந்த முறை வேறு மாதிரி. கிளம்பும்போது நன்றாகத்தான் இருக்கிறது. இருபது நிமிடம் கழித்து, ஏற்றத்தில் கால் வைத்ததும், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல. இரண்டாவது கியர், பிறகு முதல் கியர். புகை இல்லை, சத்தம் இல்லை, சூடும் ஏறவில்லை. உயிர் மட்டும் இல்லை. ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பும்போது எந்தக் குறையும் இல்லை. காலையில் என் மானத்தை வாங்கியது இந்த வண்டிதானா என்று எனக்கே சந்தேகம்.

பன்னிரண்டு நிமிடம் தாமதம்.

டிசம்பர் 10, செவ்வாய்

மெக்கானிக் மத்தியான வெயிலில் சந்தைத் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். "ஒண்ணுமில்லக்கா." காலையில் ஏற்றத்துக்கு வந்து பார் என்றேன். காலையில் கடை திறக்கணுமாம். ஏர் ஃபில்டரை மாற்றினார். டர்போவுக்குப் போகும் குழாயை அமுக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க கியர கொஞ்சம் முன்னாடியே மாத்திடுறீங்களோ?" என்றார்.

ஓட்டுவது ஆணாக இருந்தால் வண்டியில் கோளாறு. நான் ஓட்டினால் என் காலில் கோளாறு.

டிசம்பர் 11, புதன்

இன்றும் அதே. ஒன்பது நிமிடம்.

சாயங்காலம் கொழுந்தன் வந்தான். எப்படித்தான் மோப்பம் பிடிப்பானோ. "அண்ணி, டீசல் வண்டிய அதட்டி ஓட்டணும். பயந்து பயந்து ஓட்டினா அது படுத்துக்கும். பேசாம என்கிட்ட விடுங்க, நான் பாத்துக்கறேன்." பக்கத்திலேயே அவர் உட்கார்ந்திருந்தார். 'அவ நல்லாத்தான் ஓட்டுறா' என்று ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. தம்பிக்கு இன்னும் கொஞ்சம் காப்பி கொடு என்றார்.

இந்த ஆஸ்பத்திரி ஓட்டம் போனால் வேன் கொழுந்தன் கைக்குப் போய்விடும். நாற்பத்தாறு வயதில் லைசென்ஸ் எடுத்து, அத்தனை பேர் இளிப்பையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்த சீட். அதை விட்டு எழுந்தால் எனக்கு அடுப்படிதான். முடியாது.

டிசம்பர் 13, வெள்ளி

காலையில் அவருக்குக் கால் வலி, எழவில்லை. நானே கண்ணாடியைச் சுரண்டிவிட்டுக் கிளம்பினேன். நேற்றுத்தான் டேங்க் நிரப்பியிருந்தேன். வேன் வெண்ணெயில் கத்தி போனதுபோல ஏறியது. ஐந்து நிமிடம் முன்னதாகவே போய்விட்டோம்.

ஏன்? நேற்றைய டீசல் நல்ல டீசலா? இல்லை, இத்தனை நாளும் என் கால்தானா? தெரியவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

மறுபடி. பதினான்கு நிமிடம். ஆஸ்பத்திரியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர் என்னை உள்ளே கூப்பிட்டார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற கம்பெனிக்குக் கொடுத்துடுவேம்மா. நீங்க ஏத்திட்டு வர்றது காய்கறி இல்ல." சரியாகத்தான் சொல்கிறார். அதுதான் வலிக்கிறது.

டிசம்பர் 18, புதன்

பாதி ஏற்றத்தில் நின்றேவிட்டது.

திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினேன். இருமியது, பிடிக்கவில்லை. உள்ளே ஐந்து பேர். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அரை மணி நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆனது. அதற்குள் தையல்காரம்மாவின் நேரத்தில் ஒரு மணி நேரத்தை வெட்டிவிட்டார்கள். அடுத்த ஆளுக்கு மெஷின் வேண்டுமாம்.

வீட்டில், என்ன ஆச்சு என்றார். "நடு ரோட்டுல நின்னு போச்சு, போதுமா?" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டேன்.

டிசம்பர் 19, வியாழன்

தையல்காரம்மாவுக்கு மூச்சுத் திணறலாம். வார்டில் சேர்த்திருக்கிறார்கள். பிள்ளை போனில் சொன்னான். திட்டவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

ஆஸ்பத்திரியில் ஓட்டத்தை நிறுத்தும் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். திங்கள் முதல் வேறு கம்பெனி.

டிசம்பர் 21, சனி

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஓட்டம் இல்லாவிட்டாலும் பழக்க தோஷம், டீசல் போடப் போனேன். எப்போதும் சீட்டில் இருந்தபடியே மூடிச் சாவியை ஜன்னல் வழியாகக் கொடுப்பேன். பம்பில் இருக்கும் பெண் மூடியைத் திறந்துவிட்டு ஒரு பாலிதீன் தாளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இது எதுக்கு? நானும் ஒவ்வொரு தடவையும் எடுத்துக் குப்பையில போடுறேன், நீங்க விடாம புதுசு புதுசா வெக்கிறீங்களே?"

நான் வைக்கவில்லை. நான் பார்த்ததுகூட இல்லை.

நான்காக மடித்து, டேங்க் வாயை அடைத்து, மேலே மூடியைப் பூட்டியிருக்கிறார்கள். மூடியில் ஊசித் துளைபோல ஓர் ஓட்டை உண்டு. டீசல் குறையக் குறைய அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போகும். அதை அடைத்தால் எஞ்சின் எங்கிருந்து உறிஞ்சும்? ஓட ஓட டேங்க் இறுகிக்கொள்ளும். ஏற்றத்தில் அதிகம் கேட்கும்போது டீசல் வராது. சும்மா நின்றால் மெல்லக் காற்று கசிந்து மறுபடி சரியாகும். எல்லாம் அங்கேயே, அந்தப் பம்பில் நின்றபடியே புரிந்துவிட்டது. சாவிக் கொத்து ஆணியில் தொங்குகிறது. விடிகாலையில் வண்டியருகே போகிறவர் ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்து தாளை அவர் முன்னால் போட்டேன்.

"தண்ணி இறங்குதுன்னு நீதானே சொன்ன. அதான் வெச்சேன்."

"மூடியில ஓட்டை எதுக்கு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தாளை எடுத்து மடிக்கப் போனார். விடவில்லை நான். "மொதல்ல தோணல" என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம்... நீ என்கிட்ட வந்து கேப்பேன்னு பாத்தேன். மெக்கானிக்கக் கேட்ட. ஆஸ்பத்திரில பேசின. என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

கேட்கவில்லை. உண்மைதான், இரண்டு வருடமாக எதையும் கேட்கவில்லை. அதுக்காக? அந்தம்மா மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கெடக்கு. இவரு நான் கேப்பேன்னு பாத்துக்கிட்டு இருந்தாராம்! தெனமும் விடியக்காலையில நொண்டி நொண்டிப் போய்... எப்படி மனசு வந்துச்சு?

டிசம்பர் 22, ஞாயிறு

சமைத்து வைத்தேன். சாப்பிட்டார்.

டிசம்பர் 23, திங்கள்

தாளை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போனேன். கோளாறு தெரிந்துவிட்டது, இனி வராது, இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்றேன். பொறுமையாகத்தான் கேட்டார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரும்மா வெச்சது?"

"நான்தான் சார். தண்ணி இறங்கக் கூடாதுன்னு."

ஏன் அப்படிச் சொன்னேன்? வழியெல்லாம் என் வீட்டுக்காரர் பெயரைத்தான் வாயில் வைத்துக்கொண்டு போனேன். அந்த மேஜை முன்னால் நின்றதும் வரவில்லை. கட்டின புருஷன் நான் தோற்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தான் என்று ஒரு மூன்றாம் மனிதரிடம் எப்படிச் சொல்வது? அவமானம் அவருக்கா எனக்கா என்று பிரிக்கத் தெரியவில்லை.

மேற்பார்வையாளர் ஏதோ எழுதினார். தலைகீழாகவே படித்துவிட்டேன், 'ஓட்டுநரின் தவறு'.

"அப்ப நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

வீட்டுக்கு வந்து நடந்ததை அவரிடம் சொன்னேன், அப்படியே. ஒரு நன்றியாவது, ஒரு பார்வையாவது வரும் என்று நின்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

டிசம்பர் 24, செவ்வாய்

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் கொழுந்தனோடு போனில் பேசுவது கேட்டது. "வண்டிக்கு ஒண்ணும் இல்லடா. டேங்க் வாயில அவளே பிளாஸ்டிக்க வெச்சு அடைச்சிட்டா. ஆஸ்பத்திரிலயே ஒத்துக்கிட்டாளே."

குரலில் கூச்சமே இல்லை. இரண்டு வருடத்தில் அவர் இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஈரச் சேலையைப் பிழிந்தபடியே நின்றேன்.

டிசம்பர் 30, திங்கள்

கொழுந்தன் வந்து வேனை எடுத்துப் போனான். நான் தடுக்கவில்லை. அந்தப் புதிய கம்பெனிக்குப் போய், நோயாளிகளின் வீடு, நேரம், யாருக்குக் கை கொடுத்து ஏற்ற வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும் என்று சொன்னேன். ஆள் பற்றாக்குறையாம். சம்பளத்துக்கு ஓட்ட வருகிறீர்களா என்றார்கள். சரி என்றேன்.

ஜனவரி 6, திங்கள்

ஆறு மணிப் பேருந்தில் போய்க் கம்பெனி வண்டியை எடுத்தேன். புது வண்டி, குளிரிலும் உடனே பிடித்தது.

கடைசியாகத் தையல்காரம்மா வீடு. பாதியாய் இளைத்திருக்கிறார். வாசலில் பிள்ளை தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். வாங்கம்மா என்று கை நீட்டினேன். கதவைப் பிடித்தவர், காலைத் தூக்கவில்லை.

"தப்பா நெனச்சுக்காதம்மா. டேங்க் வாய அடைச்சது நீதான்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. இந்த வண்டி மூடிய ஒரு தடவ பாத்துட்டியா?"

பார்த்துவிட்டேன் என்றேன். அப்போதும் ஏறவில்லை. இறங்கிப் பின்னால் போய், மூடியைத் திறந்து, அவர் கையில் கொடுத்தேன். ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஏறிக்கொண்டார்.