பதினேழு மணி நேரத் தூரம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் கோபத்தைத் தவிர. நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் "நல்லா இருக்கேம்பா" என்பாய், அதை இனி நான் நம்புவதாக இல்லை.

போன மாதம் உனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. உன் அண்ணன் மொட்டை மாடியில் நின்று உன்னிடம் போனில், "தையல் பிரிச்சாச்சா? அப்பாகிட்ட நாங்க மூச்சு விடல" என்று பேசிக்கொண்டிருந்தான். துணி காயப்போட வந்த நான் பின்னால் நிற்பது அவனுக்குத் தெரியாது. பிடித்து உலுக்கியதும் எல்லாம் வெளியே வந்தது. அம்மாவுக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும், கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். நான் மட்டும் இந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறவனா? உனக்கு ஆபரேஷன் நடந்த அன்றைக்கு உன் அம்மா சாப்பிடாமல் கிடந்தாள், கேட்டால் பல்வலி என்றாள். நான் வாங்கி வந்த கிராம்பையும் வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, மகராசி!

"அவ்வளவு தூரத்துல இருந்து அப்பாவால என்ன பண்ண முடியும், கிடந்து தவிப்பாரு" என்று நீதான் சொன்னாயாம். ஆயுள் முழுக்க லாரி ஓட்டியவனிடமா தூரத்தைக் காட்டுகிறாய்? ஆத்திரம் தாங்காமல் மறுநாளே விமான டிக்கெட் எடுத்துத் தரும் அலுவலகத்துக்குப் போய்விட்டேன். அங்கிருந்த பெண் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். இங்கிருந்து உன் ஊர் விமான நிலையம் ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நேராகப் போகிற விமானம் இல்லை, நடுவில் இறங்கி மாற வேண்டும், காத்திருப்பதையும் சேர்த்துப் பதினேழு மணி நேரம். "உங்க வயசுக்குக் கஷ்டம் சார், கால் வீங்கும்" என்றாள். கிளட்சை மிதித்து மிதித்துத் தேய்ந்த கால் அம்மா இது, வண்டியை வேறொருவர் ஓட்ட, சாப்பாடு மடிக்கு வர, சும்மா உட்கார்ந்திருக்க என்ன நோவு என்றேன். அவள் சிரித்துவிட்டாள். வெளியே வந்த பிறகு எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வெறும் பதினேழு மணி நேரம். ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீ மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது கட்டில் ஓரத்தில் நான் நின்றிருப்பேன். பக்கத்துக் கட்டில்காரியின் மகள்தான் உனக்குத் தண்ணீர் கொடுத்தாளாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

டிக்கெட் எடுத்துவிட்டேன், வருகிற இருபதாம் தேதி கிளம்புகிறோம். போன வருஷம் நீ வாங்கித் தந்த விசா இன்னும் செல்லும். உன் அம்மாவை விட்டுவிட்டு வரத்தான் நினைத்தேன், இத்தனை நாள் ரகசியத்தைக் காத்தவள் வீட்டையும் காக்கட்டும் என்று. மூக்கைச் சிந்திக்கொண்டு பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள், மனசு கேட்கவில்லை, இரண்டு டிக்கெட். வேண்டாம்பா என்று போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். விமான நிலையத்தில் வந்து நிற்கவும் வேண்டாம், நாங்களே வாடகைக் கார் பிடித்து வந்துவிடுவோம். கனமாக எதையும் தூக்காதே, மாத்திரையை மறக்காதே.

தூரமாக இருக்கிறேன் என்றுதானே சொல்லாமல் விட்டாய்? அடுத்த தெருவில் இருந்திருந்தால் கடைசியாகச் சொன்னாலும் ஓடி வந்திருப்பேன். தூரமாக இருப்பதால்தான், மகளே, முதலில் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்ற ஆசியுடன்,
கோபம் இன்னும் தீராத
உன் அப்பா